இறகும் ரிஃப்ரெஷும்

பழைய கணினி மெதுவாக ஓடுவதற்குக் காரணம் அதன் வயதுதான் என்ற நம்பிக்கை திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இதைத் திருத்தாமல் மேலே செல்வது பொறுப்பற்ற செயலாகும். கணினிக்கு வயதாவதில்லை. உப்புக்காற்றில் அதன் உடம்பு துருப்பிடிக்கும். அது வேறு விஷயம். அது மெதுவாவது, வருடா வருடம் அதன் முதுகில் நாம் ஏற்றுகிற மென்பொருளின் பாரத்தால். அந்தப் பாரத்தை இறக்குவதுதான் என் தொழில்.

தொழில் என்பது கொஞ்சம் பெருமைப்பேச்சு. சிறிய கடையொன்றில் கணினி திருத்துவதுதான் சோறு போடுகிறது. மிஞ்சுகிற நேரத்தில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை எடுத்து, வேண்டாததையெல்லாம் கழற்றி, பழைய இயந்திரங்களுக்கென்று மெலிந்த ஒரு சிஸ்டம் செய்து, பென்ட்ரைவில் போட்டு இலவசமாகக் கொடுக்கிறேன். பெயர் 'இறகு'. வேண்டாதது எது என்பதை நானே தீர்மானித்தேன். கீழே வரும் துன்பங்கள் அனைத்தும் இந்தக் கடைசி வசனத்திலிருந்து கிளைத்தவை. பிறருக்கு நன்மை செய்யப் புறப்பட்டு அடிவாங்கிய சகபாடிகள் யாரும் இருந்தால், ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருங்கள்.

களவு போகாத சாமான்

புல்மோட்டையிலிருந்து மடிக்கணினி திருத்த வந்த ஓர் ஆசிரியரிடம் முதல் பென்ட்ரைவை நீட்டினேன். விலை கேட்டார். இலவசம் என்றேன். வாங்க நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தான் இப்போது பாவிக்கிற சிஸ்டத்தையும் ஒரு கடையில் சும்மாதான் போட்டுத் தந்தார்கள் என்றார்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். நீண்ட விளக்கம் வரப்போகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. அது இலவசம் இல்லை, யாரோ களவாகப் பிரதியெடுத்தது. இதுவோ உரிமையோடும் மூலநிரலோடும் மனச்சாட்சியோடும் வருவது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "களவெடுக்கிறாங்கள் எண்டா அதில ஏதோ பெறுமதி இருக்குத் தம்பி. உங்கட சாமானை இதுவரைக்கும் ஆராவது களவெடுத்தவங்களா?"

பிந்துவது யார்?

இறகைத் துணிந்து ஏற்றுக்கொண்ட முதல் ஆள் நஸீரா ராத்தா. கிண்ணியாக்காரர், ஊருக்கே அக்கா என்ற முறையில் ராத்தா. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் போட்டோகொப்பி, டைப்பிங், இணையத்தில் விண்ணப்பம் நிரப்புதல் என்று சிறிய கடை வைத்திருக்கிறார். மூன்று கணினிகள், மூன்றும் கிழம். (கணினிக்கு வயதாவதில்லை என்று மேலே எழுதியதை நான் மறக்கவில்லை.) எதிர்ப்பக்கத்தில் ஏசி போட்ட புதுக்கடை ஒன்று திறந்ததிலிருந்து ஆட்கள் வீதியைக் கடக்கத் தொடங்கியிருந்தார்கள். புதுக் கணினி வாங்குவதை ராத்தாவால் நினைத்தும் பார்க்க ஏலாது. "இது சரி வந்தாக் கடை இருக்கும் தம்பி. வராட்டிப் பூட்டிப்போட்டு வீட்டில குந்திற வேண்டியதுதான்" என்றார்.

மூன்றிலும் இறகைப் போட்டேன். முன்பெல்லாம் காலையில் கணினியை உயிர்ப்பித்துவிட்டு, கடையைக் கூட்டி, தேநீர் ஊற்றிக் குடித்து, மகளோடு போனில் கதைத்து முடிக்கும்போதுதான் திரை வெளிக்கும். இப்போது பொத்தானை அழுத்திய கையை எடுக்குமுன் தயாராக நிற்கிறது. பாராட்டு வரும் என்று மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். ராத்தா கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். "முந்தி மெசின் பிந்துது எண்டு ஆக்களுக்குச் சொல்லுவன். இப்ப நான்தான் பிந்திறன் எண்டு எல்லாருக்கும் விளங்கிற்று."

வயலுக்குப் பாயாதது

கிளிவெட்டியிலிருந்து கமக்காரர் அமைப்பின் செயலாளர் ஒருவர் ராத்தாவின் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும்படி அதிகாரிக்கு எழுதிய கடிதம் அவருடைய பென்ட்ரைவில் இருந்தது, அச்செடுத்தால் போதும். திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. கடிதம் பழைய காலத்து எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அந்த எழுத்துருக்கள் ஒழிய வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே இறகில் அவற்றுக்கு இடம் கொடுக்கவில்லை.

செயலாளரை இருத்தி, யூனிகோட் வருமுன் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் வேடத்தில் எப்படி மறைந்து வாழ்ந்தன என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அதில் உற்சாகம் பிறந்து இன்னும் கொஞ்சம் சொன்னேன். ராத்தா மேசைக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டியதை நான் கவனிக்கவில்லை. செயலாளர் எழுந்து பென்ட்ரைவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எதிர்க்கடையை நோக்கி ஒரு காலை வைத்தபடி சொன்னார்: "தம்பி சொன்ன சரித்திரம் நல்ல விளக்கம். எங்கட வயலுக்குத்தான் அது பாயாது."

ஒன்றும் செய்யாத வேலை

கொள்கையை விழுங்கிக்கொண்டு எழுத்துருக்களைச் சேர்த்தேன். அப்படியும் ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். மாத முடிவில் கடையைப் பூட்டுவதாக ராத்தா சொல்லிவிட்டார். காரணம் அறிய ஒரு காலைப்பொழுது முழுவதும் அங்கேயே போய் இருந்தேன். வள்ளம் வைத்திருக்கும் சலீம் நானா, கடலில் காற்று எப்படியென்று இணையத்தில் பார்க்க வந்தார். கணினியின் முன் இருந்தவுடன் மவுசின் வலப்பக்கத்தை அழுத்தினார். திரையில் பட்டியல் விரிந்தது. எதையோ தேடினார். மூடிவிட்டு மறுபடி அழுத்தினார். "ரிஃப்ரெஷ் எங்க? மெசின் இறுகிப்போய்க் கிடக்கு நஸீரா, நான் அங்கால போறன்" என்று எழுந்தார்.

நம் நாட்டில் கணினியின் முன் இருக்கும் எவரும் வேலை தொடங்குமுன் நாலைந்து தரம் ரிஃப்ரெஷ் அழுத்துவார்கள். திரையை மறுபடி ஒருமுறை வரைவதைத் தவிர அதனால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே கழற்றியிருந்தேன், கழற்றிய அன்று என்னை நானே பாராட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது. இதை நானாவை வாசலில் மறித்து விளக்கினேன். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் கணினிக்கு ஒன்றுதான் என்றேன். அவர் என் தோளில் கையை வைத்தார். "உங்களைக் கண்டா 'எப்பிடிச் சுகம்' எண்டு கேக்கிறன். அதால உங்கட காய்ச்சல் மாறுமா? அதுக்காகக் கேக்காம விடுறதா தம்பி?"

எதிர்க்கடைக்காரர்

அன்றே ரிஃப்ரெஷைச் சேர்த்தேன். அழுத்தினால் திரை ஒருமுறை கண்சிமிட்டும், அவ்வளவுதான். சிமிட்டிய பிறகு 'முடிந்தது' என்று எழுத்தில் காட்ட வேண்டும் என்று ராத்தா கேட்டார். எதுவுமே தொடங்காதபோது முடிந்தது என்று சொல்வது பொய் என்று மறுத்தேன். ராத்தா கடைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். 'முடிந்தது' சேர்க்கப்பட்டது. சலீம் நானா ஏழெட்டுத் தரம் அழுத்தி, "இப்பதான் மெசின் மூச்சு விடுது" என்றார். அடுத்தநாள் இன்னும் இரண்டு வள்ளக்காரரைக் கூட்டிவந்தார். மாத முடிவு வந்து போனது. கடை பூட்டப்படவில்லை.

பிறகு ஒருநாள் எதிர்க்கடைக்காரர் என் கடைக்கே வந்தார். இளைஞர், மரியாதையானவர். இறகைப் பற்றி விசாரித்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன். அவர் அவசரமாகச் சொன்னார்: "சிஸ்டம் வேணாம் அண்ணன், எங்கட மெசினெல்லாம் புதுசு. ராத்தாட கடையில ரிஃப்ரெஷ் பண்ணினா 'முடிந்தது' எண்டு வருதாம், எங்கட்ட ஒண்டும் வருதில்ல எண்டு சனம் எழும்பிப் போகுது. அதை மட்டும் தனியாக் கழற்றித் தர ஏலுமா?"

இறகில் நான் பார்த்துப் பார்த்து எழுதிய அத்தனையிலும் ஊரார் விரும்பிக் கேட்டது, எதுவும் செய்யாத அந்த ஒன்றைத்தான். ராத்தா போன கிழமை கடை வாசலில், காத்திருப்பவர்கள் இருப்பதற்கென்று நீளமான ஒரு வாங்கு வாங்கிப் போட்டிருக்கிறார்.