அம்மன் முன்னால் பேசிய பேச்சு

என் வீட்டுக்காரருக்கு நிலக்கரி வியாபாரம். துறைமுகத்துக்குக் கப்பலில் வரும் கரியை ஓர் அண்ணாச்சியிடம் வாங்கி, ஓட்டப்பிடாரம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கு விற்பார். கடனுக்குச் சரக்கு வேண்டுமென்றால் 'ஸ்டாண்ட்பை எல்.சி.' வேண்டும் என்றார் அண்ணாச்சி. நாங்கள் பில் கட்டாவிட்டால், எங்கள் பேங்க் அவருக்குக் கட்டிவிடும். அதற்கு ஈடாக, அப்பா எனக்கு எழுதிவைத்த வீட்டைப் பேங்கில் அடமானமாகக் கொடுத்தேன்.

போன முறை வந்த கரியில் பாதி மண். அண்ணாச்சியும் நாங்களும் ஒரே அம்மன் கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள். அதனால் வழக்கம்போல அங்கேயே பேசினார்கள். "இந்தப் பில்லைக் கட்டாத தம்பி. மண்ணைக் கழிச்சுப் புது பில் தாரேன்" என்று அவர் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். எழுதி வாங்குங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"சாமி முன்னாடி பேசினதுக்குப் பேப்பர் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார் இவர்.

புது பில் வரவேயில்லை. பழைய பில் கட்டப்படவில்லை என்று அண்ணாச்சி பேங்கில் எழுதிக் கொடுத்துவிட்டார். பதறிப்போய் வக்கீலிடம் ஓடினோம்.

"உள்நாட்டு வியாபாரம்தான சார்? நம்ம சட்டம் நம்மளக் காப்பாத்தாதா?" என்று கேட்டேன்.

"நம்ம ஒப்பந்தச் சட்டம்தான்மா அடிப்படை. ஆனா சர்வதேச விதிகளும் பொருந்தும்னு இந்த எல்.சி.லயே எழுதியிருக்கு, நீங்களும் ஒத்துக்கிட்டிருக்கீங்க. பேங்க் கரியைப் பாக்காது, காகிதத்தைத்தான் பாக்கும். பச்சை மோசடின்னு காட்டினாத்தான் கோர்ட் தடை போடும்."

"சூடம் அணைச்சான் சார்!" என்று இவர் கத்தினார்.

"சரி. பில் கட்டலைன்னு எழுதியிருக்காரு. அது பொய்யா?"

 

பேங்க் பணத்தைக் கொடுத்துவிட்டது. எங்களால் அதைத் திருப்பிக் கட்ட முடியவில்லை. வீட்டை ஏலம் விடுவதாக நோட்டீஸ் வந்தது. அடுத்த வாரமே அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டுக் கோயில்காரர்கள் வந்தார்கள். முன்னால் அண்ணாச்சி, நெற்றி நிறையத் திருநீறு.

"பேச்சு வேற, பேப்பர் வேற. மனசுல வச்சுக்காத தம்பி" என்றபடி படியேறினார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அங்கனயே நில்லுங்க அண்ணாச்சி. இது பேங்க் வீடு. வரியை அவங்ககிட்டப் போய்க் கேளுங்க."

கதவைச் சாத்திவிட்டு, அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.