கடைக்காரரின் முதல் பிரதி

சிதம்பரத்தில் எங்கள் காமிக்ஸ் கடைக்காரருக்கு ஒரு பொல்லாத பழக்கம் இருந்தது. பண்டலைப் பிரித்ததும் முதல் பிரதியை அவர் படித்து முடிக்க வேண்டும். அதற்கு முன் ஒருத்தருக்கும் விற்கமாட்டார். நான் கடலூர் முதுநகரிலிருந்து ரயிலேறி வந்து நின்றால், மனுஷன் தனக்குள் சிரித்துக்கொண்டு பக்கம் புரட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது கடையா, உங்க வீட்டுக் கட்டிலா மாமா என்று கத்துவேன். நாலைந்து பேர் சேர்ந்து பிடுங்காத குறையாகச் சண்டை போடுவோம். அவருக்கு அதில் பரம சந்தோஷம்.

பண்டல் என்றைக்குமே சொன்ன தேதிக்கு வந்ததில்லை. முன்பெல்லாம் தாமதம் என்றால் எல்லாருக்கும் தாமதம். 2012 வாக்கில் அதே இதழ் கம்ப்யூட்டரில் முதலில் வர ஆரம்பித்தது. கடைக்கு வந்து சேர்வதற்குள் ஊரே படித்திருக்கும். வந்த கட்டு அப்படியே திரும்பிப் போனது. இந்தத் தடவையும் திரும்பினால் இனி அனுப்பமாட்டேன் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டதாக அவர் போனில் சொன்னார். அந்தக் குரலைக் கேட்கவே சகிக்கவில்லை. அந்தக் கடையை விட்டால் எனக்குச் சிதம்பரத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டேன். ஆளுக்கு ரெண்டு மூன்றாக வாங்கிக் கட்டைக் காலி செய்வது என்று பேச்சு.

சனிக்கிழமை செம்மண்டலத்திலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும்கூட வந்துவிட்டார்கள். பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அவர் வழக்கம்போல் பண்டலைப் பிரித்து முதல் பிரதியைப் படிக்க ஆரம்பித்தார். நாங்கள் சமர்த்தாகக் காத்திருந்தோம். அங்கேதான் கோட்டை விட்டோம். சண்டை போட வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

கொஞ்சம் பக்கங்கள் போனதும் நிமிர்ந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். புத்தகத்தை மூடி வைத்தார்.

"எல்லாரும் கம்ப்யூட்டர்ல படிச்சிட்டீங்க, இல்ல?"

பரங்கிப்பேட்டைக்காரன் தரையைப் பார்த்தான்.

"அப்புறம் எதுக்குடா வந்தீங்க?"

"நீங்க படிக்கிறதப் பாக்கத்தான் மாமா," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து படித்தார். சிரிப்பு வரும் பக்கம் எதுவென்று எங்களுக்குத் தெரியும். அது நெருங்க நெருங்க அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். வயிறு குலுங்கச் சிரித்தார். எங்களாலும் அடக்க முடியவில்லை.

முடித்ததும் கட்டு மொத்தத்தையும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டார்.

"லேட்டானாலும் பரவால்ல, அனுப்புங்க. இங்க ஆளுங்க காத்துட்டு கெடக்கறாங்க."