நான் வெட்டிய பாதிப் படம்

அறுபதுகளில் கல்லடியில் ஒரு சிறிய காசநோய் மருத்துவமனையில் எனக்குக் கடிதம் எழுதும் வேலை. வெளிநாட்டிலிருந்து உதவுகிறவர்களுக்கு எங்கள் நோயாளிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவேன். என் கடிதங்களால்தான் மருந்து வருகிறது என்று டொக்டர் எல்லோரிடமும் சொல்வார். கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

வெல்லாவெளியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கணவன் வயலில் கூலி வேலை செய்பவன். மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பி, அவளைப் படுக்கவைத்துக் கூட்டிவருவான். அவள் இருமும்போது சளி துப்பத் தேங்காய்ச் சிரட்டையை ஏந்திப் பிடிப்பான். தள்ளி நிற்கும்படி நேர்ஸ் அதட்டினாலும் நகரமாட்டான்.

அந்த வருடம், ஊர் ஊராகப் போய் மருந்து கொடுக்க வாகனம் ஒன்று கேட்டு எழுதவேண்டியிருந்தது. இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். அதற்காக அவன் யாரிடமோ சட்டை இரவல் வாங்கிப் போட்டு வந்திருந்தான். படம் கழுவி வந்ததும் எனக்குத் திருப்தியில்லை. திடமான ஓர் ஆண் பக்கத்தில் நின்றால் யார் இரங்குவார்கள்? கத்தரிக்கோலை எடுத்து அவனை வெட்டினேன். கணவன் கைவிட்டுப் போய்விட்டான், தனியாக நடந்தே வருகிறாள் என்று எழுதினேன்.

வாகனம் வந்தது. அந்தப் படத்தையும் கீழே நான் எழுதியதையும் அவர்கள் அச்சிட்ட சிறு புத்தகமும் வந்தது. என் மேசையில் கிடந்ததை அவன் கண்டான்.

"இது நம்மட மனிசிதானே ஐயா?"

"ஓம்."

"நானும் பக்கத்தில நிண்டநான்தானே. என்னக் காணல்ல."

"கமராவுக்குள்ள ரெண்டு பேரும் அடங்கல்ல."

"அதுக்கென்ன. அவள் படத்தில வடிவா விழுந்திரிக்காள். கீழ என்ன எழுதியிருக்கு?"

"சுகமாகி வாறாள் எண்டு."

புத்தகத்தைக் கேட்டான். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில் கொடுத்தேன்.

அவள் உண்மையிலேயே சுகமானாள். எங்கள் வாகனம் அவர்கள் ஊருக்கே போனதால் பிறகு அவர்கள் வரவேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஒருநாள் அவன் மட்டும் வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பள்ளிக்கூடத்து வாத்தியார் வாசிச்சுக் காட்டினார்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "நான் எங்கயும் போகல்லியே ஐயா."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாகனம் வந்ததே, அவள் பிழைத்தாளே என்றாவது சொல்லியிருக்கலாம். மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். "அப்ப நான் வாறன்," என்று போனான்.

அதோடு திருந்தினேன் என்று எழுத ஆசைதான். அடுத்த மாதம் கிரானிலிருந்து வந்த ஒரு வயதான பெண்ணைப் பற்றி எழுதினேன். அவளுக்கு இரண்டு மகன்கள் இருந்தார்கள். அந்தக் கடிதத்தில் அவர்கள் இல்லை.