நாலு முழ மண்ணில் வைத்த மாதுளை

சின்ன வாசலில் என்ன மரம் வைக்கலாம் என்று என்னிடம் வந்து கேட்கிறவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். வேம்பு வேண்டாம், வேர் சுவரைப் பிளந்துவிடும். முருங்கை ஒரு காற்றுக்கு முறிந்து ஓட்டின் மேல் விழும், கம்பளிப்பூச்சி வீட்டுக்குள் ஊரும். அரளி, குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. கறிவேப்பிலை வைக்கலாம், ஆனால் முதல் இரண்டு வருஷம் அது வளர்கிறதா இல்லையா என்றே தெரியாது, பொறுமை வேண்டும். மாதுளை வையுங்கள் என்று மட்டும் நான் யாருக்கும் சொன்னதில்லை. சின்ன இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது என்று தெரிந்தும் சொன்னதில்லை.

நான் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரி. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, கிணறும் மாடும் பண்ணையாளும் இருந்தன. மழை பொய்த்து மூன்று வருஷம் கிணற்றில் பாறை தெரிந்த பிறகு, என் வீட்டுக்காரர் கோயமுத்தூருக்கு மில்லு வேலைக்கு வந்தார். பின்னாலேயே நானும் மாமியாரும் வந்தோம். சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் வந்த புதுசு அது. தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நிற்பது எனக்குத் தலையிறக்கமாக இருக்கும். என் குடத்தை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி, யாருக்கோ காத்திருப்பவள் போல நிற்பேன்.

ஒரே சுவரைப் பங்கு போட்டுக் கட்டிய ஆறு ஓட்டு வீடுகளில் எங்களுடையது நாலாவது. பின்னால் பாத்திரம் கழுவ, குளிக்க என்று கல் பாவிய சின்ன வாசல். அதன் மூலையில் கல் பாவாமல் விட்ட மண், நீளத்துக்கு நாலு முழம், அகலத்துக்கு நாலு முழம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்ததும் அதன் நஞ்சுக்கொடியைப் புதைத்து, அந்த இடத்தில் ஒரு மரம் வைப்போம். மரம் தழைத்தால் பிள்ளை தழைக்கும். தோட்டத்தில் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டுக்கும் தென்னம்பிள்ளை வைத்தோம். வறட்சியில் இரண்டும் குருத்துக் காய்ந்து போயின. பிள்ளைகளும் ஒன்று எட்டு மாதத்தில், ஒன்று ஒரு வயதில் போய்விட்டன. எது முந்தி, எது பிந்தி என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. அன்றைக்கு எனக்கும் மாமியாருக்கும் சந்தேகமே இல்லை. மரம்தான் முதலில் போனது.

ஆக, நகரத்துக்கு வந்து மூன்றாவது உண்டானபோது வீட்டில் ஒரே பேச்சு, அந்த நாலு முழத்தில் என்ன வைப்பது என்பதுதான். சாகாத மரமாக இருக்க வேண்டும்.

"தென்னைதானுங்க நம்ம வழக்கம்" என்றார் மாமியார், மகனைப் பார்த்து.

"தென்னைய உள்ள வெச்சுட்டு நாம வெளிய குடியிருக்கறதுங்களா?" என்றார் இவர்.

"அப்ப வாழை வெக்கலாம்."

"வாழை ஒரு தார் போட்டா வெட்டோணும். என்ன பேசறீங்கம்மா?" என்றார். எனக்கு வயிற்றில் ஒரு உதை விழுந்தது போல இருந்தது. பிள்ளை உதைத்ததாகக்கூட இருக்கலாம்.

பக்கத்து வீட்டில் ஒரு பாயம்மா. அவர் வீட்டுக்காரர் பெரிய கடைவீதிப் பக்கம் பித்தளைப் பாத்திரம் விற்கிறவர். அவர்கள் வாசலில் மண்ணே கிடையாது, முழுக்கக் கல். பாயம்மா காலி மண்ணெண்ணெய்த் தகரங்களில் அடியில் ஓட்டை போட்டு எலுமிச்சை, மருதாணி, மாதுளை என்று ஒரு தோப்பே வைத்திருந்தார். சுவர் இடுப்பளவுதான். எங்கள் பேச்சு முழுக்க அவர் காதில் விழுந்திருக்கும்.

"மாதுளை வைங்கக்கா. ஆளுயரத்துக்குமேல போவாது. வெயில் தாங்கும், உப்புத் தண்ணியும் குடிக்கும்."

"தகரத்துல மரம் வளக்கறவங்க தோட்டக்காரிக்குச் சொல்லித் தாறீங்களாக்கும்?"

"மண்ணு வெச்சிருக்கறவங்க பேசறீங்க, பேசுங்க" என்று சிரித்தார்.

"சாகாதுங்களா?" என்று கேட்டேன். குரல் இறங்கிப் போயிற்று.

"நீங்க கொன்னாலும் சாவாது."

பென்சில் கனத்தில் இரண்டு குச்சிகளை வெட்டி ஒரு தகரத்தில் ஊன்றிக் கொடுத்தார். இரண்டும் வேர் பிடித்தன. நான் என் தோட்டத்து மிதப்பில், வயலுக்குப் போடுவது போலப் பச்சைச் சாணத்தை அள்ளித் தகரத்தில் போட்டேன். நாலாம் நாள் ஒரு குச்சி கருகிவிட்டது. பாயம்மா சுவரைத் தாண்டி வந்து சாணத்தை வழித்தெடுத்துப் போனார். மற்றது பிழைத்தது. அந்த மூலை மண்ணையும் அவர்தான் கிளறிப் பார்த்தார். வீடு கட்டினபோது கொட்டின சுண்ணாம்புக் காரை. அத்தனையும் வாரி வெளியே போட்டோம். அதற்குப் பதிலாக இவர் ஷிப்டு முடிந்து வரும்போது குளத்து வண்டலைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து வருவார். ஒன்பது சாக்கு பிடித்தது.

பெண் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி கொடியைப் புதைத்தாள். மேலே நானே எழுந்து போய்ச் செடியை வைத்தேன்.

மாதுளை அடியிலிருந்து முளைத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கிளைகளை வெட்டி ஒரு தண்டாக விட்டால்தான் சின்ன இடத்தில் மரம் என்று நிற்கும், இல்லாவிட்டால் முள்ளுப் புதர். முதல் தடவை வெட்ட எனக்குக் கை வரவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கிளை வெட்டுவேன், அவள் முகத்தைப் பார்ப்பேன், அடுத்ததை வெட்டுவேன்.

"அக்கா, கத்தி மரத்து மேல, கண்ணு புள்ள மேல. வெரல வெட்டிக்கப் போறீங்க" என்றார் பாயம்மா.

மரமும் அவளும் மூன்று வருஷம் ஒன்றாக வளர்ந்தார்கள். என் குளியல் தண்ணீர், பாத்திரம் கழுவின தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். விடிந்ததும் நான் முதலில் பார்ப்பது மரத்தை. இலை மஞ்சளித்தால் பிள்ளைக்கு நெற்றியில் திருநீறு. இலை நன்றாக இருந்தால் அவளுக்குச் சளியே பிடித்தாலும் நான் கலங்குவதில்லை.

நாலாவது சித்திரையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. காலையில் இறங்கும், பொழுது சாய ஏறும். மூன்றாம் நாள் பாயம்மா சுவரோரம் வந்து, "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்கக்கா. இந்தக் காய்ச்சல் எனக்குப் புடிக்கல" என்றார்.

அந்த வாரம்தான் மரம் முழுக்கத் துளிர்த்திருந்தது. மாதுளைத் துளிர் செம்பு நிறத்தில் இருக்கும். நுனிக்கு நுனி மொட்டு. அப்படி ஒரு தழைவை அதற்கு முன் நான் பார்க்கவில்லை.

"உங்க தகரத்துச் செடியப் பாருங்க. எம் புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறாம் நாள் இவர் கேட்டார். "ஏம்புள்ள, போயிட்டு வந்தர்லாமா? ஒரு நாள் லீவு சொல்லிப்போட்டு வாரேன்."

நான் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப் போனேன். "பாருங்க. இப்படித் துளுத்து நிக்குது. என்ன ஆயிருமுங்க?" அவர் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரெண்டு பிள்ளையைப் புதைத்த மனுஷன். மரம் பட்டதைப் பார்த்தவர். அவருக்கும் அதை நம்ப ஆசை இருந்தது.

கஷாயம் கொடுத்தேன். தெம்புக்கு என்று கம்பஞ்சோறு பிசைந்து ஊட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையைத் திருப்பினாள். மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு ஊட்டினேன். பன்னிரண்டாம் நாள் மாமியார்தான் சொன்னார். "அம்மிணி, மரம் கிடக்கட்டும். புள்ள கண்ணு நிக்கமாட்டேங்குது, பாரு."

ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு போனோம். பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நிறையச் சனம். நான் காதில் தோடும் நல்ல சேலையுமாக நின்றேன். டாக்டர் வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?"

"நாலு நாளுங்க" என்றேன்.

பன்னிரண்டு நாள் வீட்டில் வைத்திருந்த பொம்பளை என்று அத்தனை பேர் முன்னால் பேர் வாங்க எனக்கு மனசு வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. இவர் என் பக்கத்தில்தான் நின்றார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

"கஞ்சித் தண்ணிதானுங்க."

டாக்டர் தலையாட்டினார். குடல் காய்ச்சல் மாதிரி தெரிகிறது, ஆரம்பம்தான், மோசமான கட்டத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதற்குள் பார்த்துக்கொள்ளலாம், இங்கேயே இருக்கட்டும் என்றார். அந்தப் பத்து நாளை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நானே பொய் சொல்லி வாங்கின பத்து நாள் என்பது தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் தெம்பு வந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் வயிறு உப்பிக் கல்லாகிவிட்டது. வேர்வை ஜில்லென்று இருந்தது. நர்சு ஓடினாள், டாக்டர் வந்தார். "ஆரம்பத்துல இப்படி ஆகாதே" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் கேட்டேன். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதுகிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் பண்ணிவிட்டு வந்து மூன்று நாள் இவர் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "பன்னெண்டு நாளுன்னு நானாச்சும் சொல்லியிருக்கோணும்." அவ்வளவுதான். அவர் இருந்தவரை அதற்குமேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் தன் மேல் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் அந்தக் காய்ச்சலுக்கு மருந்தே கிடையாது, என்றைக்குக் கொண்டு போயிருந்தாலும் அதே முடிவுதான் என்று பிற்பாடு படித்தவர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். அந்தக் காய்ச்சலில் குடல் புண்ணாகியிருக்கும், கெட்டிச் சோறு போனால் பொத்துக்கொள்ளும் என்றும் அவர்கள்தான் சொன்னார்கள். கம்பஞ்சோற்றைப் பற்றி அவர்களிடம் நான் சொன்னதில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.

மரம் அந்த வருஷம் முதல் காய்ப்புக் காய்த்தது. பதினொரு காய். யாரும் பறிக்கவில்லை. வெடித்து, அணில் தின்று, தோல் காம்பிலேயே காய்ந்து தொங்கியது. வெட்டிப்போடலாம் என்றார் மாமியார். இவர், "தண்ணி ஊத்துனோம், தழைச்சுது. அதுக்கு என்னங்கம்மா தெரியும்?" என்று விட்டுவிட்டார். பாயம்மா மட்டும் ஒரு நாள் சுவரோரம் வந்து நின்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கத் தெரியாது எனக்கு. ஒரு தூக்குக் கஞ்சியைச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் எடுத்துக் குடித்தேன்.

அடுத்த வருஷம் பையன் பிறந்தான். மாமியார் ஊரிலிருந்து ஒரு கொய்யாக் கன்றை வரவழைத்துத் தயாராக வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். கொடியைப் புதைத்து மேலே ஒரு துவைகல்லை இழுத்துப் போடச் சொன்னேன். மாமியார் அழுதார், வழக்கத்தை மீறினால் குலத்துக்கு ஆகாது என்றார். நான் அசையவில்லை.

அவனுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டால் போதும், தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். பல்லு முளைக்கிற சூட்டுக்கும் போனேன், கொசு கடித்த தடிப்புக்கும் போனேன். "இதுக்கெல்லாம் ஏம்மா வந்து உசுர வாங்கறே?" என்று டாக்டர் வராந்தாவே கேட்கச் சத்தம் போடுவார். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனையையும் நின்று கேட்பேன். அவர் முடிக்கிறவரை நகர மாட்டேன்.