கீழ் வீட்டுக்குப் போன காகிதங்கள்

என் லேப்டாப்பில் வேண்டாத சர்வீஸ் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கீழ் வீட்டு அக்கா ஒரு மாலை எங்கள் வாசலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. கையில் மூன்று தாள்கள். எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்திருந்தார்.

"இன்னாம்மா, உங்க பேப்பரு எங்க மிஷின்ல வந்துகினு கீது," என்றார். நான் வாங்கிக்கொண்டதும், "நா ஒன்னும் பட்ச்சிப் பாக்கல," என்று சேர்த்தார். படிக்காத யாரும் இப்படிச் சொல்வதில்லை. எனக்குக் காது மடல் சுட்டது.

அந்த மூன்று தாளிலும் இருந்தது, நானும் என் கணவரும் ஏன் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிறோம் என்று நான் எழுதிய கடிதம். பதினோரு வருட ஆஸ்பத்திரி அலைச்சல், இரண்டு முறை தங்காமல் போனது, எல்லாம் அதில் இருந்தது. என் அம்மாவிடம்கூட முழுதாகச் சொல்லாதவை. ஒரே ஒரு முறை என் கணவரின் அண்ணனிடம் பேச்சை எடுத்தோம். "யார் பெத்ததுன்னே தெரியாம வீட்டுக்குள்ள கொண்டு வருவீங்களா?" என்று கேட்டார். குழந்தை கைக்கு வரும்வரை இனி யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தோம். அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம் ஹவுஸ் ஓனர் வீட்டில் மூன்று பக்கமாக அச்சாகி விழுந்திருக்கிறது.

கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில், அந்த வீட்டின் மாடியில் அப்போது நான்கு வருடமாகக் குடியிருந்தோம். நாங்கள் தூத்துக்குடிப் பக்கம், வேலைக்காக வந்தவர்கள். அக்காவின் கணவர், ஓனர் அண்ணன், இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். இரண்டு குட்டியானை வண்டிகளில் சரக்கு ஓட்டுகிறார், அச்சரப்பாக்கத்தை ஒட்டிக் கொஞ்சம் நிலமும் உண்டு. வண்டிக் காகிதங்களை அச்சிட ஒரு பிரிண்டர் வைத்திருந்தார்கள். இன்டர்நெட்டும் அவர்களுடையதுதான். நாங்கள் குடிவந்த அன்றே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். "மேல ஒன்னு, கீய ஒன்னு, இன்னாத்துக்கு ரெண்டு கனெக்சனு?" என்பது அவர் வாதம். ஆக, இரண்டு வீட்டுக் கருவிகளும் ஒரே வலையில் இருந்தன.

எங்களிடமும் ஒரு பழைய பிரிண்டர் உண்டு. அன்று அதன் ஒயர் கழன்று கிடந்ததை நான் கவனிக்கவில்லை. என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். அதில் நம் கண்ணில் படாமல் பின்னணியில் ஓடும் நிரல்களை சர்வீஸ் என்பார்கள். அவற்றில் கப்ஸ்-ப்ரௌஸ்டு என்று ஒன்று. வலையில் எந்த மூலையில் பிரிண்டர் இருந்தாலும் தேடிப் பிடித்து, நம்மைக் கேட்காமலே பட்டியலில் சேர்த்துவிடும். கல்யாணப் பந்தியில் கேட்கும் முன்பே சாம்பாரை ஊற்றிவிட்டுப் போகிறவர் மாதிரி. எங்கள் பிரிண்டர் கிடைக்காததால் லேப்டாப் கீழ் வீட்டுப் பிரிண்டரைப் பிடித்துக்கொண்டது. தாள் வரவில்லையே என்று நான் மாடியில் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன், கீழே அது ஒழுங்காக அச்சடித்துக்கொண்டிருந்தது.

இதில் கேவலம் என்னவென்றால், வேண்டாத சர்வீஸ்களை நிறுத்துவதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். தேவையில்லாமல் எது ஓடினாலும் மோப்பம் பிடித்து அடக்குவேன். ஆபீஸில் என் கோபத்துக்குப் பெயரே உண்டு. அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டேன்.

அக்கா படியிறங்கியதும், கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரையைத் திறந்தேன். சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் என்று அடித்து, கப்ஸ்-ப்ரௌஸ்டின் பெயரையும் போட்டு என்டரைத் தட்டினேன். பட்டியலிலிருந்து கீழ் வீட்டுப் பிரிண்டர் மறைந்தது. தொலைந்தது சனியன் என்று மூடி வைத்தேன்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் பிரிண்டரைப் பற்றிக் கவலைப்படவில்லை. "ஓனர் என்ன சொல்வார்?" என்றுதான் கேட்டார். அவர் பயம் நியாயமானது. எங்கள் வீட்டைப் பார்த்து விசாரித்து அறிக்கை எழுத ஒரு சமூகப் பணியாளர் வர வேண்டியிருந்தது. அந்த அறிக்கை இல்லாமல் தத்தெடுக்கக் காத்திருப்போர் வரிசையில் எங்களுக்கு இடமில்லை. வீடு மாறினால் விசாரணையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று அந்த அம்மாவே போனில் சொல்லியிருந்தார். எங்கள் இருவருக்கும் நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன குலமோ என்ன கோத்திரமோ என்று ஓனர் முகம் சுளித்து வீட்டைக் காலி செய்யச் சொன்னால், போகப்போவது வீடு மட்டுமில்லை.

ஒரு மாதம் ஓடியது. கீழிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. சமூகப் பணியாளர் அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொல்லி, ஒரு படிவத்தை அனுப்பினார். எங்களைத் தெரிந்த இரண்டு பேர் அதை நிரப்பித் தர வேண்டும். எத்தனை வருடமாகத் தெரியும், என்ன உறவு, இவர்கள் குழந்தையை நன்றாக வளர்ப்பார்கள் என்று ஏன் நினைக்கிறீர்கள். மூன்றே கேள்விகள். வேறு வழியில்லாமல் இரண்டு பேரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னோம். என் தோழி ஒருத்தியும் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவரும் தருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு பிரதி அச்சிடக் கொடுத்தேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பிரிண்டர் அசையவில்லை. பட்டியலைத் திறந்தால் கீழ் வீட்டுப் பிரிண்டர் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது.

என் தப்பு உடனே புரிந்தது. ஸ்டாப் என்றால் இப்போதைக்கு உட்கார் என்று அர்த்தம். கணினியை மறுபடி இயக்கினால் அதுவும் எழுந்துகொள்ளும். இனி எழ வேண்டாம் என்றால் டிஸேபிள் செய்ய வேண்டும். வேறொரு சர்வீஸ் கூப்பிட்டாலும் எழக் கூடாது என்றால் மாஸ்க் செய்ய வேண்டும். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஸ்டாப்போடு நிறுத்திவிட்டு வந்தால் நான் எப்படிக் கத்துவேன் என்பது எங்கள் தளம் முழுக்கத் தெரியும். என் லேப்டாப்பை நான் அணைப்பதே இல்லை, ஆனால் அதன் பேட்டரி செத்துப் பல நாளாயிற்று. திங்கட்கிழமை கரண்ட் போனது, லேப்டாப் அணைந்தது. கரண்ட் வந்தது, நான் இயக்கினேன், அதுவும் எழுந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றையும் வரிசையாகச் செய்தேன். பிறகு எங்கள் பிரிண்டரில் புதிதாக இரண்டு பிரதி எடுத்தேன்.

கீழே விழுந்த தாள்களை வாங்கிவர எனக்கு முகமில்லை. அக்காவே கொண்டுவருவார் என்று காத்திருந்தேன். செவ்வாய் வரவில்லை, புதனும் வரவில்லை. காலையில் வண்டி கழுவிக்கொண்டே "மோட்டாரு போட்டாச்சி!" என்று மாடிக்குக் குரல் கொடுக்கும் அண்ணன், புதன்கிழமை என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். இத்தனை நாள் பொறுத்தவர்கள் இப்போது பேசி முடிவெடுக்கிறார்கள் என்று நினைத்தேன். வியாழக்கிழமை கணவரின் நண்பர் போன் செய்தார். எழுத்தில் கையெழுத்துப் போட அவர் மனைவி வேண்டாம் என்கிறாராம், தப்பாக நினைக்க வேண்டாமாம். நான் நன்றாகவே தப்பாக நினைத்தேன். பாத்திரம் கழுவுவதாகச் சொல்லிக்கொண்டு சிங்க்கில் கிடந்தவற்றை எல்லாம் மோதினேன். வேறு யாரைக் கேட்பது? கேட்டால் ஊருக்கே தெரியும். கேட்காவிட்டால் ஒரு கடிதம் குறையும். ஒரு கடிதம் குறைகிறது என்று இன்னொரு தேதி தள்ளிப்போனால் என்னால் தாங்க முடியாது என்று கணவரிடம் அழுதேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. அண்ணனும் அக்காவும் சேர்ந்து நின்றார்கள். நான்கு வருடத்தில் இருவரும் சேர்ந்து படியேறி வந்தது அதுதான் முதல் தடவை. காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் நின்றேன்.

அண்ணன் ஒரு உறையை நீட்டினார். "லேட்டாய்ட்ச்சி, கோச்சிக்காதம்மா. நீ கேட்ருவியேன்னுதான் அன்னிக்கி உள்ள பூந்துட்டேன். இவ நாலு தபா எய்திக் கிய்ச்சிப் போட்டா. எய்த்து நல்லா இல்லியாம்."

உள்ளே நான் அச்சிட்ட அதே படிவங்கள். இரண்டும் நிரப்பப்பட்டிருந்தன. ஒன்று அண்ணன் பெயரில், மற்றொன்று அக்கா பெயரில்.

"எங்களுக்காக நீங்க ஏன்க்கா இத..." என்று தடுமாறினேன்.

"நீதானம்மா அனுப்பிச்ச?" என்றார் அக்கா. "மொதல்ல லெட்டரு அனுப்பிச்சி விசயத்த சொன்ன. அப்பால ரெண்டு பாரம் அனுப்பிச்ச, எனுக்கு ஒன்னு, அவருக்கு ஒன்னு. வாயால கேக்க கூச்சப்பட்டுகினுதான் மிஷின்ல அனுப்பறன்னு அவராண்ட அப்பவே சொன்னேன்."

சர்வீஸ், ஸ்டாப், டிஸேபிள், மாஸ்க் எல்லாம் நாக்கு வரை வந்தன. "ஆமாக்கா," என்றேன்.

அவர்கள் போன பிறகு சமையலறையில் நின்றபடியே படித்தோம். அக்கா அச்சு எழுத்து மாதிரி உருட்டி உருட்டி எழுதியிருந்தார். என்ன உறவு என்ற கேள்விக்கு நேராக 'கீழ் வீடு' என்று இருந்தது. மூன்றாவது கேள்விக்கு எழுதியதை இன்றும் பார்க்காமல் சொல்வேன்:

'இந்தப் பெண்ணுக்குக் கோபம் வரும். வந்தால் பாத்திரம் சத்தம் எங்களுக்குக் கேட்கும். அரை மணியில் போய்விடும். அந்தத் தம்பி அதுவரை மொட்டை மாடியில் துணி மடிப்பார். போன வருஷம் எனக்கு ஆபரேஷன் நடந்தபோது பதினைந்து நாள் இந்தப் பெண்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தது. ருசி கிடையாது. ஆனால் ஒரு நாளும் நேரம் தவறவில்லை. குழந்தைக்கு அது போதும்.'

அண்ணன் அவ்வளவு எழுதவில்லை. 'நல்ல ஜனங்கள். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என் வீட்டில் இருக்கலாம். மொட்டை மாடிச் சுவர் தாழ்வாக இருக்கிறது. குழந்தை வருவதற்குள் இரண்டு வரிசைக் கல் ஏற்றித் தருகிறேன்' என்று எழுதி, தேதி போட்டு, பெரிதாகக் கையெழுத்து வைத்திருந்தார். என் கணவர் அதைப் படித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்ளப் போனார். வெகு நேரம் குழாய் ஓடியது.

மறுநாள் வந்த சமூகப் பணியாளர் அக்காவின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என் கஞ்சியைப் பற்றி விசாரித்தார். போகும்போது கீழ் வீட்டிலும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போனார். அறிக்கை நல்லபடியாகப் போயிற்று.

அதன் பிறகு இரண்டரை வருடம் காத்திருந்தோம். அந்த இரண்டரை வருடமும் அந்த இருவர் வாயிலிருந்து தெருவில் ஒரு சொல் கசியவில்லை. எதிர் வீட்டுக்காரி ஒருநாள் என் காதுபடவே, "மேல் வூட்ல இன்னும் விசேசம் இல்லியா?" என்று கேட்டபோது, "அது அவங்க பாடு, உனுக்கு இன்னா?" என்று அக்கா வெட்டிவிட்டார். மொட்டை மாடிச் சுவரில் இரண்டு வரிசைக் கல் ஏறியது. எப்போதாவது படியில் பார்க்கும்போது, "இன்னாம்மா, இப்பல்லாம் உன் பேப்பரே வர்ல?" என்பார் அக்கா. நான் சிரித்து மழுப்புவேன். உண்மையை ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்களை நம்பி நானே கேட்டேன் என்று அவர்கள் நினைத்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. கேட்டிருக்க வேண்டியவள்தான் நான். சொந்தக்காரர்களிடம் கேட்கக்கூட முடியாததை, வாடகைக்கு வீடு கொடுத்தவர்கள் எழுதித் தந்தார்கள். அவர்களை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிடந்தை கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். என் போனில் தகவல் வந்தது. ஏழு மாதப் பெண் குழந்தை. ஒரு படம். இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் அங்கேயே, ஈர மணலில் நின்றபடியே பதில் சொல்லிவிட்டோம்.

கோவளம், கேளம்பாக்கம், வண்டலூர் என்று பைக்கில் திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் இறங்கியதும், "உங்க அம்மாவுக்குப் போன் போடேன்," என்றார் கணவர். "போடுறேன்," என்று சொல்லிவிட்டு நான் கீழ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அக்கா ஈரக் கையோடு வந்து திறந்தார். போனை நீட்டினேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கண்ணாடி இல்லாததால் கையை எட்ட நீட்டி, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்றும் கேட்காமல் உள்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"யோவ், சட்டைய மாட்டிகினு சீக்கிரம் வாய்யா. நம்ம வூட்டுக்குப் பொண்ணு வருது."