சாமி சாப்பிட்டாச்சு… சமைத்தவர்கள்?

போன வாரம் ஒரு சமையல் குழுவுக்கு யோசனை சொல்லப் போனேன். என் வீட்டு ரசத்தைக் குடித்திருக்கும் வாசகர்கள் தயவுசெய்து சிரிக்க வேண்டாம்.

மைசூரு அக்ரஹாரத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு வாடகை அறை. கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் நால்வர் அங்கே சேர்ந்து சமைக்கிறார்கள். அடுப்பு எங்கள் மகளிர் சங்கம் கொடுத்தது. ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்குக் காலை டிபன் – இருப்பது அந்த ஒரே ஆர்டர்தான். கொஞ்ச நாளாக டிபன் பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. இப்படியே போனால் அடுத்த மாதம் வேறு ஆளைப் பார்ப்பதாக வார்டன் சொல்லிவிட்டார்.

குறையை அவர்களே கண்டுபிடிக்க உதவிவிட்டு வா என்று சங்கத்தில் என்னை அனுப்பினார்கள்.

சமையல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார்கள், நால்வரும். அரிசி மாறியதா? எண்ணெய்? இல்லையாம். சரி, கடைசியாக நீங்கள் சாப்பிட்டபோது எது பிடித்தது என்றேன்.

குழுத் தலைவி சரசாதான் மெதுவாகச் சொன்னார்.

"நாங்க சாப்புட்டதே இல்லைங்க மேடம். சாமிக்குப் படைக்காம எப்படி வாயில வெக்கிறது? படைச்சதும் ஆட்டோ வந்துருதுங்க."

பிள்ளையார் படத்துக்குப் படைப்பது, மூடி போடுவது, ஆட்டோவில் ஏற்றுவது… தினமும் இதுதான். ஹாஸ்டலே சாப்பிட்ட பொங்கலை, கிண்டியவர்கள் சாப்பிட்டதில்லை! எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. இவ்வளவு பக்தியாகச் சமைத்துக் கெட்ட பெயரா?

நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. (நான் வாயை மூடிக்கொண்டிருந்ததை என் கணவர் நம்பவில்லை.) அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். ஆட்டோ கொஞ்சம் தாமதமாக வரட்டும். படைத்ததும் நால்வரும் உட்கார்ந்து சாப்பிடுவது. அடுத்தவர் சமைத்ததில் குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது – அவரவர் செய்ததைப் பற்றி அவரவரே சொல்ல வேண்டும்.

மறுநாள் நானும் போய் உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே சட்னி அரைத்த மல்லிகாவின் முகம் மாறியது. உப்பே இல்லை என்று தானே சொல்லிக்கொண்டு உப்பு எடுக்க எழுந்து போனார். பொங்கலில் நெய் வாசனைகூட இல்லையே என்று சரசா தலையில் அடித்துக்கொண்டார். ஒரே சிரிப்பு!

நேற்று பாத்திரம் காலியாகத் திரும்பியது. நான் கைதட்டினேன். சரசா தட்டவில்லை. நேராக வார்டனுக்குப் போன் போட்டார். கன்னடத்தில் அவர் கேட்டது இதுதான்:

"பாத்திரம் காலியா வந்திருக்கு. ருசியா இருந்துச்சா, இல்ல நாங்க கம்மியா வெச்சிட்டமா?"

இரண்டும்தான் என்றாராம் வார்டன். கடைசியில் வந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லையாம். அடுத்த மாதமும் நீங்களே கொடுங்கள், கொஞ்சம் கூடவே கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

காலிப் பாத்திரத்தையே கேள்வி கேட்கிறவர்களுக்கு இனி நான் எதற்கு?