காணும் என்று சொன்ன வாய்

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சிக்குன்குனியாக் காய்ச்சலுக்குப் பிறகு விரல்களும் சரியாக மடிவதில்லை.

செல்வராசா அண்ணனை ஷெல் கொல்லவில்லை. நான் கட்டிய சுவர்தான் கொன்றது!

சொல்லிவிட்டேன்... இனிக் கேளுங்கள்.

நான் ஒரு மேசன். சீனன்குடாவுக்கு இப்பால், கடலைப் பார்த்த சிறிய ஊர் எங்களுடையது. செல்வராசா அண்ணன் மீன்பிடிகாரர். அவரும் மனைவி மலர் அக்காவும் இரண்டு அறை வீடொன்றைக் கொந்தராத்துக்குக் கட்டச் சொன்னார்கள். மொத்தமாக ஒரு தொகை பேசி ஒத்துக்கொண்டேன். அந்தத் தொகை அன்றைக்கு நியாயமானதுதான்.

அத்திவாரம் முடிந்த கிழமை ஊரில் சிக்குன்குனியா பரவியது. வீட்டுக்கு வீடு ஆட்கள் மூட்டுப் பிடித்துப் படுத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்களும் படுத்தார்கள், லொறிச் சாரதிகளும் படுத்தார்கள். கடையில் சீமெந்து இல்லை. இருந்த கடையில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. எழுந்து நடமாடிய கூலியாட்கள் இரட்டைச் சம்பளம் கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்கள் வீட்டிலும் நோயாளிகள் கிடந்தார்கள்.

பேசிய தொகை பாதிச் சுவருக்கே போதவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதானே!

நான் கூச்சக்காரன். காசைப் பற்றிப் பேச வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அண்ணன் அதைச் சொல்லியே பகிடி பண்ணுவார். "என்ன மேசன், நாள் முழுக்கச் சுவரோட கதைக்கிறீர். எங்களோட கதைச்சா வாய் தேஞ்சிடுமோ?"

ஒருநாள் மலர் அக்கா தேத்தண்ணியோடு வந்து தானாகவே கேட்டா.

"தம்பி, சாமானெல்லாம் விலை ஏறிட்டுதாம். காசு காணாட்டிச் சொல்லுங்கோ. வலையை வித்தெண்டாலும் தாறம்."

"காணும் அக்கா... காணும்."

போதும் என்று ஏன் சொன்னேன்? அவர்களிடம் இருந்ததே ஒரு வலை. அதை விற்கவைக்க மனம் வரவில்லை என்று என்னையே நம்பவைத்தேன். இரக்கமா அது? கேட்க வெட்கப்பட்டேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கலவையில் கைவைத்தேன். ஒரு பை சீமெந்துக்குப் பதினாலு தாச்சிச் சட்டி மணல் போடுகிறவன் இருபத்தைந்து போட்டேன். பிறகு எனக்கும் காய்ச்சல் வந்தது. சாந்து இறுக மேற்குச் சுவருக்கு ஒருநாள்கூடத் தண்ணீர் அடிக்கவில்லை. கடைசியில் மேலே பூசி மெழுகினேன். பார்த்தால் நல்ல சுவர்... நீங்கள் பார்த்திருந்தாலும் நல்ல சுவர் என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

அவர்கள் குடிபுகுந்து ஒரு மாதம் ஆகவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மேற்குச் சுவர் ஓரம் குளிர்ச்சி என்று அக்கா அங்கே பாய் விரித்துப் படுக்கவைத்தா. காலை பத்து மணியிருக்கும். குடாவுக்கு அப்பாலிருந்து வந்த ஷெல் குண்டொன்று கடற்கரையில் விழுந்தது. ஊரே அதிர்ந்தது. எல்லா வீட்டுச் சுவர்களும் நின்றன. அந்த ஒரு சுவர் உள்ளே சாய்ந்தது.

அண்ணனால் எழும்ப முடியவில்லை. முழங்கால் மடியாத மனிதர் எப்படி ஓடுவார்?

நான்தான் முதலில் ஓடிப்போய்க் கல்லை விலக்கினேன். சாந்து என் கையில் வெறும் மணலாக உதிர்ந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது... அண்ணனில் மூச்சு இல்லை.

கிராம சேவகர் வந்து கொப்பியைத் திறந்தார். "ஷெல் அதிர்ச்சியில சுவர் விழுந்தது எண்டு எழுதுங்கோ ஐயா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேசன், அப்பிடித்தானே?"

"ஓம்."

சண்டை நடக்கும் ஊரில் ஒரு சாவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒருவரும் தேடவில்லை.

பிறகு அந்தச் சுவரைத் திரும்பக் கட்டிக் கொடுத்தேன். சரியான கலவை. கூலி வாங்கவில்லை. அக்கா ஊரெல்லாம் சொன்னா, "உந்தத் தம்பியைப்போல மனுசர் இல்லை. அவரை வெளியில எடுத்ததும் இந்தத் தம்பியின்ர கைதான்." விற்காத அந்த வலை இப்போது புதுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. நான் போகும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டியே இருப்பேன்.

இரண்டு வருடமாக எத்தனை தடவை வாசல் வரை போய்... "என்ன தம்பி?" என்று கேட்பா. "சும்மாதான் அக்கா" என்பேன்.

யாரென்று தெரியாத உங்களுக்கு எழுத முடிகிறது. அவவிடம் சொல்ல ஏலாமல் இருக்கிறது. இது என்ன நெஞ்சு!

இன்று அண்ணனின் இரண்டாவது திவசம். போன வருடம் படையல் முடிந்ததும் முதல் இலையை எனக்குத்தான் போட்டா. நான் சாப்பிட்டேன். இரண்டாந்தரம் சோறும் வாங்கினேன்.

மதியமாகிறது. வேலிக்கு அப்பால் அக்காவின் குரல் கேட்கிறது. "தம்பி, சோறு ஆறப்போகுது. வாங்கோ."

போகிறேன்...

மாசி மாதம் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை.